பசைத்துளியின் வால்

“இந்த அக்கிரமத்துக்கெல்லாம் காரணம் இவங்கதான்,” என்று எம்.டி. விரல் நீட்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்த பெண், வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள்.

பழி சுமத்தப்பட்டவர்கள் அழுவார்கள். சத்தியம் செய்வார்கள். சிலர் மயக்கம் போட்டும் காட்டுவார்கள். கொட்டாவி விட்டவளை வெடி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். பார்த்த நிமிஷமே பிடித்துப்போனது.

வெடி என்பது பட்டப்பெயர். துப்பறிவாளர் ஊசியிடம் அவள் உதவியாளராக இருந்தாள். ஊசி என்பதும் பட்டப்பெயர்தான். ஆள் நெட்டை, ஒல்லி, பேச்சு குறைவு, பேசினால் குத்தும். இரண்டு பெயரையும் சேர்த்து ஆபீஸ் வாசலில் போர்டு மாட்டியதில் ஒரேயொரு சங்கடம். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டாசு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

“கண்ணாடி இழை வேலைக்கு இவங்கதான் தலைமை,” எம்.டி. தொடர்ந்தார். “பெரிய ஆர்டருக்கான பீஸ் மொத்தமும் இவங்க கைவேலை. ஒண்ணாவது டெஸ்ட்ல தேறுதா? இல்ல. எல்லாமே ரிஜெக்ட். கேட்டா, என் மேசையில பச்சை விளக்கு நல்லாத்தான் எரிஞ்சுதுன்னு பதில். சாயங்காலம் போலீஸ் வருது. அதுக்குள்ள நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துட்டா என் வேலை சுலபம்.”

“உன் வேலை சுலபமாகறதுக்கா இவங்களைக் கூப்பிட்டோம்?” என்று ஒரு குரல் குறுக்கிட்டது.

எம்.டி.யின் அக்கா. கம்பெனியில் பாதி அவருடையது. விளையாட்டு வீரர்கள் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார்.

“எதிர்க் கம்பெனிக்காரன் எங்க கம்பெனியை அடிமாட்டு விலைக்குக் கேக்கறான். தம்பி, வித்துரலாம்னு சொல்றான். சரி, முழுகற கப்பல்னா இறங்கித்தானே ஆகணும். ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, ஓட்டை போட்டது யாருன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் துப்பறியற ஆளைக் கூப்பிடுன்னேன். உங்களைத் தேர்ந்தெடுத்தது தம்பி.”

எம்.டி. அடக்கமாகச் சிரித்தார். “ரொம்ப விசாரிச்சுத்தான் தேர்ந்தெடுத்தேன்.”

வெடிக்குப் புல்லரித்தது. தங்களைப் பற்றி விசாரித்த பிறகும் தேர்ந்தெடுத்த முதல் மனிதர்.

கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வாசகம் எழுதியிருந்தது: ‘நேரே நம் பாதை, நேர்மையே நம் பார்வை.’ அதை எழுதின பலகையே ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. பலகைக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மைக்ராஸ்கோப். அதன் அடியில் மூடி திறந்த நிலையில், நகத்தளவு உலோக டப்பா ஒன்று.

“இது என்ன சார், அருங்காட்சியகமா?” என்றாள் வெடி.

“எதிர்க் கம்பெனியோட பீஸ்!” எம்.டி.யின் முகம் பக்தியில் மலர்ந்தது. “கஸ்டமர் அக்காவுக்கு அனுப்பி, ‘வேலைன்னா இது’ன்னு எழுதியிருந்தார். அக்காதான் இங்க வைக்கச் சொன்னாங்க. தினமும் காலையில எல்லாரையும் இதுக்கு முன்னாடி நிக்க வெச்சுப் பேசறேன். மனசும் இழையும் ஒரே கோட்டுல நிக்கணும். மனசு கோணினா இழை கோணும். இழை கோணினா கம்பெனி கோணும்.”

“கேட்டுக் கேட்டு எங்க காதுதான் கோணிப்போச்சு,” என்றாள் கொட்டாவிப் பெண்.

அவளைத் தொழிற்சாலையில் லென்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி ஒரு காரணம். எதிராளியின் குறையைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வாய் இன்னொரு காரணம்.

ஊசி அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க வேலை செய்யறதைப் பாக்கணும்.”

*

தூசி நுழையாத அறைக்குள் போக, தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஊசியின் நீளத்துக்கு அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. வெடிக்குக் கை தெரியவே இல்லை.

லென்ஸ் மேசையில் உட்கார்ந்தாள். மேசை கல்லால் ஆனது. லாரி இடித்தாலும் அசையாது என்றாள். அதன் மேல் ஒரு மைக்ராஸ்கோப், நாலைந்து திருகுகள், ஒரு மீட்டர்.

“இந்த டப்பாவுக்குள்ள வெளிச்சம் விடற சில்லு இருக்கு. அதோட வாய், தலைமுடியைப் பத்தா வகுந்தா வர்ற அளவுதான். எதிர்ல இந்தக் கண்ணாடி இழை. இதுலயும் வெளிச்சம் போற பாதை அதே அளவு. ரெண்டையும் நேருக்கு நேர் நிறுத்தணும். ஒரு இம்மி விலகினாலும் வெளிச்சம் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும்.”

“எங்க அத்தையும் மாமாவும் மாதிரி,” என்றாள் வெடி. “கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரே வீட்லதான் இருக்காங்க. நேருக்கு நேர் பார்த்துக்கிட்டதே இல்ல.”

“அவங்களை இங்க கூட்டிட்டு வா, ஒட்டி விடறேன்.”

லென்ஸ் திருகைத் தொட்டாள். திருப்பினாளா, திருப்பவேண்டும் என்று நினைத்தாளா என்பதே தெரியவில்லை. மீட்டரில் எண் கொஞ்சம் ஏறியது. மேலே, கீழே, முன்னே, பின்னே. மூச்சை நிறுத்திக்கொண்டாள். எண் உச்சிக்குப் போய், ஒரு தடுமாற்றம் தடுமாறி, நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

உடனே பசை ஊசியை எடுத்து, இழையும் சில்லும் சேருகிற இடத்தில் ஒரு துளி வைத்தாள். கையை இழுத்துக்கொண்டாள். நீல விளக்கைக் காட்டினாள். துளி கல்லாக இறுகிப்போனது. பச்சை விளக்கு அணையவில்லை.

“பாத்தீங்கல்ல? ஒட்டினதுக்கப்புறமும் பச்சை. இதுவே டெஸ்ட் ரூமுக்குப் போனா சிவப்பு. வழியில என்ன, இதுக்குக் கால் முளைச்சு நகர்ந்து உக்காந்துக்குதா?”

ஊசி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஊசி அண்ணன் தூங்கிவிட்டாரோ என்று வெடி சந்தேகப்பட ஆரம்பித்தபோது கேட்டார்:

“துளிக்கு ஒரு வால் இருக்கே?”

“இருக்கும். பசை ஊசியை இழுக்கறப்போ நூல் மாதிரி வரும். அப்படியே இறுகிடும். அதனால ஒண்ணும் கெட்டுப்போகாது.”

“எல்லாருக்கும் வரும்?”

“வரும். ஆனா அவங்கவங்க கை போற பக்கம்.”

வெடி அப்போதுதான் கவனித்தாள். லென்ஸ் பசை ஊசியைப் பிடித்திருந்தது இடது கையில்.

“இங்க வேற இடதுகைக்காரங்க யாரு?” என்றார் ஊசி.

“யாருமில்ல. என் ஒருத்திக்காகத்தான் இந்த மேசையைத் திருப்பிப் போட்டாங்க. அதுக்கும் எம்.டி. ஒரு கூட்டம் போட்டு, மனசைத் திருப்பறதைப் பத்திப் பேசினார்.”

*

கூடத்தில் ஆளில்லை. ஊசி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, எதிர்க் கம்பெனியின் பீஸைப் பார்த்தார். பிறகு வெடியைப் பார்க்கச் சொன்னார்.

பளபளவென்று ஒரு பசைத்துளி. அதற்கு ஒரு மெல்லிய வால். வால் இடது பக்கம் ஒதுங்கியிருந்தது.

வெடிக்கு லென்ஸின் இடது கை ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அண்ணே, அங்கயும் ஒரு இடதுகைக்காரி இருக்கக் கூடாதா? நம்ம ஆபீஸுக்கு ஃபேன் மாட்ட வந்தவர்கூட இடதுகைதான். அவரையும் சந்தேகப்படலாமா?”

“நல்ல கேள்வி. எதிர்க் கம்பெனிக்கே போன் பண்ணிக் கேளு.”

“என்னன்னு? உங்ககிட்ட திருட்டுப் பொருள் இருக்கான்னா?”

“வேலை இருக்கான்னு.”

வெடி குரலை மாற்றிக்கொண்டாள். குழைந்தாள். தனக்கு இழை பொருத்துகிற வேலை அத்துப்படி என்றும், வீட்டுக் கஷ்டம் தாங்கவில்லை என்றும், ஒரு மேசை கொடுத்தால் போதும் என்றும் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் நல்ல மனிதர். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“இழை பொருத்தற வேலையா? இங்க அந்த மாதிரி வேலை எதுவும் கிடையாதேம்மா. புது மூடி போட்டு, பெட்டியில அடைச்சு, லேபிள் ஒட்டி அனுப்பறதுதான் எங்க வேலை. லேபிள் ஒட்டத் தெரியுமா?”

“முதலாளிகிட்ட வேணா பேசிப் பாக்கட்டுமா சார்?”

“முதலாளியை நானே பாத்ததில்லம்மா.”

வெடி போனை வைத்தாள். உலகத்திலேயே அருமையாக இழை பொருத்துகிற கம்பெனி. அங்கே இழை பொருத்த ஒருத்தர்கூட இல்லை.

“அப்படின்னா,” என்றாள் மெல்ல, “தினமும் காலையில லென்ஸை நிக்க வெச்சு, ‘இதைப் பாத்துத் திருந்து’ன்னு அவ வேலையையே அவகிட்ட காட்டியிருக்காங்க. அவ இதைப் பாக்கவே இல்லையா?”

“ரோஷக்காரி. குனிஞ்சு பாத்திருக்க மாட்டா.”

“இங்க ரிஜெக்ட் ஆனது அங்க எப்படிண்ணே நல்ல பீஸா மாறுது?”

“ரிஜெக்ட் பண்ண இடத்துல கேப்போம்.”

*

டெஸ்ட் அறை எம்.டி.யின் மச்சான் கையில் இருந்தது. மனைவியின் தம்பி. வேறு எந்த வேலையிலும் அவர் நிலைக்காததால், தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவர் டீ குடிக்கப் போயிருந்தார். மேசை மேல் ஒரு மீட்டர், அதற்குப் போகிற ஒரு மஞ்சள் கேபிள், பக்கத்தில் பூட்டாத சிவப்புத் தொட்டி. தொட்டி நிறைய ரிஜெக்ட் பீஸ்கள். ‘அழிக்கப்பட வேண்டியவை’ என்று எழுதியிருந்தது.

கேபிள் அழகாக இருந்தது. அளவுக்கு மீறி அழகாக. ஒரு பென்சிலைச் சுற்றி வளையம் வளையமாக, இறுக்கமாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

“இதுக்குள்ளயும் கண்ணாடி இழைதானே ஓடுது?” என்றார் ஊசி. “ஓடற வெளிச்சத்தை இவ்வளவு சின்னதா வளைச்சா என்ன ஆகும்?”

“நான் மாடிப்படியில ஓடற மாதிரிதான். திருப்பத்துல சிந்திரும்.”

ஊசி ரப்பர் பேண்டைக் கழற்றி, பென்சிலை உருவினார். வெடி தொட்டியிலிருந்து ஒரு ரிஜெக்டை எடுத்துச் சொருகினாள்.

பச்சை.

இன்னொன்று. பச்சை. கை போன போக்கில் எடுத்த எல்லாமே பச்சை.

“யாரு அதை அவுத்தது?” என்று வாசலில் ஓர் அலறல். மச்சான், கையில் பாதி பிஸ்கட்டோடு. “எவ்வளவு கஷ்டப்பட்டு நீட்டா சுத்தி வெச்சிருந்தேன்!”

“யாரோட ஐடியா சார் இது?” என்றாள் வெடி.

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். “என் ஐடியாதான். மேசை சுத்தமா இருந்தாத்தான் மனசு சுத்தமா இருக்கும்.”

வெடி ஊசியைப் பார்த்தாள். கேஸ் முடிந்தது, ஆள் தானே வந்து கழுத்தை நீட்டுகிறான். ஆனால் ஊசியின் முகத்தில் கேஸ் முடிந்த களை இல்லை.

“ஒரு சுத்தியல் கிடைக்குமா பாரு வெடி,” என்றார்.

“அடிச்சுக் கேக்கற பழக்கம் நம்மகிட்ட இல்லியேண்ணே!”

“கனமானதா இருக்கட்டும்.”

*

கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். அக்கா நடந்துகொண்டே கேட்டார். எம்.டி. நாற்காலியில் சாய்ந்து கேட்டார். லென்ஸ் சுவரோரமாக நின்றாள். சிவப்புத் தொட்டி நடுவில் இருந்தது.

ஊசி சுருக்கமாகச் சொன்னார். பீஸ்களில் கோளாறு இல்லை. டெஸ்ட் கேபிளில் கோளாறு. கேபிளைச் சுற்றியவர் மச்சான்.

எம்.டி. துள்ளி எழுந்தார்.

“நினைச்சேன்! என் வீட்டு ஆளாச்சேன்னு நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். அக்கா, இவன் வேணும்னே செஞ்சானோ, புத்தியில்லாம செஞ்சானோ, இன்னியோட வெளிய போறான். போலீஸ்ல நானே சொல்றேன். என் மனைவி அழட்டும், பரவாயில்ல. நேர்மைன்னு வந்துட்டா சொந்தம் என்ன பந்தம் என்ன?”

மச்சானின் வாயிலிருந்து பிஸ்கட் உதிர்ந்தது. “மாமா…”

“பேசாதே!”

லென்ஸ் முன்னால் வந்தாள். “அப்ப என் பீஸெல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?”

“கேபிளை அவுத்ததும் பச்சை எரிஞ்சுது,” என்றார் ஊசி. “ஆனா எனக்கு அந்த மெஷின் மேலயே நம்பிக்கை போயிடுச்சு. நேத்து பொய் சொன்ன மெஷின் இன்னிக்கு உண்மை சொல்லும்னு என்ன நிச்சயம்? இத்தனை நாள் ரிஜெக்ட்னு எழுதினது ரிஜெக்டாவே போகட்டும். எப்படியும் அழிக்கப்போறதுதானே. வெடி.”

வெடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அண்ணன் சொன்னால் செய்கிற பழக்கம். தொட்டியிலிருந்து ஒரு பீஸை எடுத்துத் தரையில் வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள்.

லென்ஸ், “ஏய்!” என்று கத்துவதற்குள் டப்பா நசுங்கிப்போனது.

வெடி மச்சானைப் பார்த்தாள். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடைந்த டப்பாவை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

“ம், அடுத்தது,” என்றார் ஊசி. “தொட்டி காலியாகற வரைக்கும்.”

வெடி ஒரு கை நிறைய அள்ளித் தரையில் போட்டாள். சுத்தியல் மேலே போனது.

“நிறுத்து! நிறுத்து! அத்தனையும் நல்ல பீஸ்! நாளைக்கு டெலிவரி!”

கத்தியவர் எம்.டி. கத்திக்கொண்டே தரையில் விழுந்து, பீஸ்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் நடை நின்றது.

“எந்த டெலிவரி?” என்றார்.

எம்.டி. தரையிலிருந்து எழவும் முடியாமல், கிடக்கவும் முடியாமல் ஒரு மாதிரி குந்தியிருந்தார்.

“குப்பைன்னு நம்பினவர் குப்பையை ஒடச்சப்போ கவலைப்படல,” என்றார் ஊசி, மச்சானைக் காட்டி. “சரக்குன்னு தெரிஞ்சவருக்குத்தான் வலிச்சது. அழிக்கறதாச் சொல்லி இந்தத் தொட்டி போற இடம் எதிர்க் கம்பெனி. எதிர்க் கம்பெனிக்கு ஒரு முதலாளி இருக்கார் மேடம். அங்க வேலை பாக்கறவங்ககூட அவரைப் பாத்ததில்ல. நீங்க சின்ன வயசுலேருந்து பாத்துட்டு இருக்கீங்க.”

மச்சானுக்கு அப்போதுதான் நாக்கு புரண்டது. “மாமாதாங்க சுத்தச் சொன்னார்! ‘உன் ஐடியான்னே சொல்லிக்கோ, உனக்கு நல்ல பேர் வரும்’னார். எனக்கு இதுவரைக்கும் எதுலயும் நல்ல பேர் வந்ததில்லீங்க. அதான் சொல்லிக்கிட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வெடிக்குச் சங்கடமாக இருந்தது.

எம்.டி. ஊசியின் பக்கம் திரும்பினார். கண்ணில் நிஜமான மனவேதனை.

“உங்களை அமர்த்தினது நான்யா! ஊர் பூரா விசாரிச்சேன். இவங்களை மாதிரி ஒண்ணுக்கும் ஆகாத ஆளுங்க கிடையாதுன்னு உங்க பழைய கிளையன்ட்டே சொன்னாரே!”

“எந்தக் கிளையன்ட்?”

எம்.டி. சொன்னார்.

“அவரா?” என்றார் ஊசி. “அவர் கேஸ்லயும் திருடன் அவரேதான்.”

வெடிக்கு உண்மை உறைத்தது. விசாரித்துவிட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மனிதர் எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதும் உறைத்தது. கோபப்படலாமா, பெருமைப்படலாமா என்று தெரியாமல் சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டாள்.

அக்கா தம்பிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

“என் பங்கைக் கால் விலைக்கு வாங்கறதுக்காகவா இவ்வளவும்?”

“அக்கா, நான் உங்க தம்பி…”

“தெரியும். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடான்னு அழுவேன்னு பாக்கறியா? மாட்டேன். கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். உனக்கும் அது தெரியும். அதனாலதான் கேக்காம எடுத்தே. அது எனக்குப் பெருசில்ல. ஒண்ணும் செய்யாத பொண்ணைப் போலீஸ்ல குடுக்கப் பாத்தே பாரு, அதுதான். சாயங்காலம் வருவாங்கன்னு சொன்னியே? வரட்டும்.”

எம்.டி. வாசலைப் பார்த்தார். வாசலில் தொழிற்சாலையே நின்றிருந்தது. வெள்ளை அங்கியோடு, அசையாமல், வரிசையாக.

லென்ஸ் மட்டும் இதையெல்லாம் கவனிக்கவில்லை. தரையில் மண்டியிட்டு, நசுங்கிப்போன டப்பாவை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இழை தூள் தூளாகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டினாள். மறுபடி துடைத்தாள்.

“இது எவ்வளவு நல்லா உக்காந்திருந்துது தெரியுமா?” என்றாள். குரலில் அந்தக் கூர்மை இல்லை. “கொஞ்சம்கூட விலகல. எப்பவாவதுதான் அப்படி அமையும்.”

வெடி பக்கத்தில் மண்டியிட்டு, தரையில் மினுங்கிய தூள்களை விரல் நுனியால் ஒற்றி எடுத்து, லென்ஸின் உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தாள்.

“மன்னிச்சுக்கோங்க,” என்றாள்.

“நீ என்ன பண்ணுவே,” என்று லென்ஸ் மூக்கை உறிஞ்சினாள். “உங்க அண்ணன் ஒரு சுமாரான பீஸா பாத்து எடுக்கச் சொல்லியிருக்கலாம்.”

அக்கா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு போனை எடுத்து, பெரிய ஆர்டர் கொடுத்த கஸ்டமரைக் கூப்பிட்டார்.

“சரக்கு ரெடி. ஆமா, எங்க சரக்குதான், எங்க லேபிள்தான். இவ்வளவு நாள் நீங்க அங்க வாங்கினதும் எங்களுதுதான், அதை நேர்ல வந்து சொல்றேன். என்ன? இல்ல, எல்லாம் சரியா வந்துரும்.”

அவர் பார்வை தரைக்கு வந்தது. வெடி சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு மட்டும் குறையும்,” என்றார் அக்கா.